அந்தக் குருவி கீழே இறங்காது

இப்போது எங்கள் முரசுமோட்டையில் யாருக்காவது கலியாணம் என்றால் முள்முருக்கந் தடி ஒன்றுக்காகப் பரந்தன் வரைக்கும் அலைகிறார்கள். சிலர் கிளிநொச்சி தாண்டியும் போகிறார்கள். நன்றாக அலையட்டும். எனக்கு ஒரு துளி இரக்கமும் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கன்னிக்கால் ஊன்றாமல் கலியாண வேலை தொடங்காது. முள்முருக்க மரத்துக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நேரான கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு போய்க் கலியாண வீட்டு முற்றத்தில் ஈசான மூலையில் நடுவார்கள். சுமங்கலிப் பெண்கள் பாலும் தண்ணீரும் ஊற்றுவார்கள். தடி துளிர்த்தால் குடும்பமும் துளிர்க்கும் என்று நம்பிக்கை. அந்த மரம் இப்போது ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என் வீட்டு முற்றத்தின் நடுவில் நிற்கிறது. கேட்டால் கொடுப்பேன். உள்ளே வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உண்மையில் மரம் என்னுடையதில்லை. பக்கத்து வளவு அக்காவுடையது. அவருடைய பேரைச் சொல்லமாட்டேன். உயிரோடு இருந்தபோது இந்த ஊரில் ஒருவரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மலைக்காரி என்றார்கள். கோபம் வந்தால் தோட்டக்காட்டாள் என்றார்கள். செத்த பிறகு நான் எதற்கு அந்தப் பேரை எடுத்து ஊர் வாயில் போட வேண்டும்?

அக்கா எங்கள் ஊருக்கு வந்தபோது அவருக்குப் பாவாடை சட்டை வயது. என்னைவிட இரண்டு வயது மூப்பு. மலையில் கலவரம் வந்து, அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, தாய் தகப்பனோடு லொறியில் ஏறி வன்னியில் வந்து இறங்கியவர். காடாகக் கிடந்த பக்கத்து வளவை வெட்டித் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டார்கள். வந்த முதல் மாரியிலேயே வாசலுக்கு முன்னால் போகிற ஒழுங்கைப் பக்க வேலியில் அக்கா ஒரு முள்முருக்கந் தடியை ஊன்றினார். மலையில் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வளர்க்கிற மரமாம் அது. அப்போது ஊரில் எல்லா வேலியிலும் முள்முருக்கு நின்றது. அதனால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அக்காவிடம் ஒரே ஒரு குணம்தான் இருந்தது. மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம். தன்னை ஒரு படி கீழே வைத்து யாராவது எதையாவது நீட்டினால் வாங்கமாட்டார். பட்டினி கிடந்தாலும் வாங்கமாட்டார். சண்டை பிடிப்பதில்லை, கத்துவதில்லை. வாங்கமாட்டார், அவ்வளவுதான். ஊர் அதைத் திமிர் என்றது. இருந்துவிட்டுப் போகட்டும். ஊரில் எத்தனையோ பேருக்குக் காரணமில்லாத திமிர் இருக்கிறது, இவருக்குக் காரணம் இருந்தது.

வந்த வருடமே அது தெரிந்துவிட்டது. வாத்தியார் வீட்டு வயலில் நெல் அருவி வெட்டு. வாத்தியார் என்றால் பிறகு பள்ளிக்கூட அதிபராகி, கோயில் சபைக்கும் தலைவராகி, ஊருக்கே சட்டம் சொன்னவர். அப்போது இளந்தாரி. வெட்டு முடிந்ததும் அவருடைய தாயார் எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார். ஊர்ச் சனத்துக்குப் பித்தளை மூக்குப்பேணியில். மலையிலிருந்து வந்தவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில், அதுவும் சமையல் குசினிக்குப் பின்பக்கம். அக்காவின் தாய் வாங்கிக் குடித்துவிட்டார். அக்கா சிரட்டையை வாங்கி, தேத்தண்ணீரை அப்படியே நிலத்தில் ஊற்றிவிட்டு, சிரட்டையைக் குசினிப் படியில் கவிழ்த்து வைத்தார். ஏனடி ஊற்றினாய் என்று கேட்டதற்குச் சூடாக இருந்தது, ஆறட்டும் என்று ஊற்றினேன் என்றாராம். அன்று பின்னேரம் தாயிடம் வாங்கிய அடி எங்கள் வளவுக்குக் கேட்டது. அழுத சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அதிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். தேயிலைக்குள் பிறந்த மனுசி, இந்த ஊரில் ஒரு வீட்டிலும் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். அந்த வீட்டுக்காரர் முதலில் தன் வீட்டில் வந்து குடிக்க வேண்டும். குடித்தால் பிறகு எத்தனை தரமும் போய்க் குடிப்பார். நான் ஒரு மழை நாளில் அவருடைய கொட்டிலில் ஒதுங்கி, இஞ்சி தட்டிப் போட்ட சாயத் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தேன். அடுத்த நாள் காலையே எங்கள் குசினி வாசலில் வந்து நின்று, எங்க என் தேத்தண்ணி என்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, இதுக்குப் பேரு தேத்தண்ணியா, அரிசி களஞ்ச தண்ணியா என்றார். அன்று தொடங்கி எனக்குத் தேத்தண்ணீர் போடப் பழக்கினார். கடைசிவரைக்கும் அவர் வைத்த பேர்தான் என் தேத்தண்ணீருக்கு.

குருவியைப் பற்றிச் சொன்னதும் அப்படியான ஒரு நாளில்தான். மாசி மாதம். அவருடைய மரம் இலையெல்லாம் கொட்டிச் சிவப்பாகப் பூத்திருந்தது. எங்கள் ஊர்த் தேன்சிட்டு ஒன்று பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. வந்துட்டாரு மாப்பிள்ள மினுக்கிக்கிட்டு என்று அதை ஏசிவிட்டு, மலையில் வேறொரு குருவி இருக்கிறது என்றார்.

கட்டைவிரல் அளவுதானாம். முதுகு பச்சை, தொண்டை மஞ்சள். கண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், சுண்ணாம்பைத் தொட்டு இழுத்தது போல. அவர்களுடைய தோட்டத்தின் மேல் பாதியை மேற்கணக்கு என்பார்கள், கீழ்ப் பாதி கீழ்க்கணக்கு. மேற்கணக்குக்கும் மேலே குளிர்காடு. மரமெல்லாம் பாசி பிடித்து, பகலிலும் பனிப்புகார் மூடியிருக்கிற காடு. அந்தக் காட்டுக் குருவி அது. முள்முருக்குப் பூக்கிற காலத்தில் கூட்டம் கூட்டமாகத் தோட்டத்தின் விளிம்புக்கு வந்து, பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்குமாம். நெற்றியெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு, கோயிலுக்குப் போய் வந்த பிள்ளைகள் போல வெளியே வருமாம். ஒரு நிமிடம் வாய் ஓயாதாம். குளிருக்கு ஒரே கிளையில் ஒன்றோடொன்று தோள் ஒட்டி வரிசையாக இருக்குமாம். லயத்தில் நாங்கள் படுக்கிற மாதிரி என்றார்.

"அந்தக் குருவி கீழ எறங்காது தங்கச்சி. மேக்கணக்கு வரைக்கும் வரும், கீழ்க்கணக்குக்குக்கூட வராது. அதுக்கு எறங்க வேண்டிய தேவ வரல."

அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஏக்கம் இருந்தது என்று எழுதினால் அது பொய். கோபம்தான் இருந்தது. அந்தச் சின்ன உயிருக்கு ஒரு காடு இருந்தது, ஒருவரும் அதைக் கிளப்பவில்லை. இவர்களைக் கிளப்பிவிட்டார்கள். ஒருதரம் போய் அந்தக் குருவியைப் பார்த்துவிட்டு வருவோமா என்று நான் கேட்டதற்கு, போனால் அங்கே என்ன சொல்வார்கள் தெரியுமா, வன்னிக்காரி வந்திருக்காள் என்று சொல்வார்கள் என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சங்கக்கடை மனேச்சர் ஒருநாள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார், தீபாவளிக்கு உங்கட ஊருக்குப் போகேல்லையோ என்று. அக்கா சீனியைப் பையில் போட்டுக்கொண்டே எந்த ஊருக்கு என்று கேட்டார். மனேச்சர், உங்கட ஊருக்குத்தான் என்றார். அக்கா மறுபடியும் எந்த ஊருக்கு என்றார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, மனுசன் வியர்த்துப்போய் வேறு கதை கதைத்தார். அக்காவுக்கு வந்தது சிரிப்பல்ல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டே வந்தார்.

கடைசிச் சண்டையில் எல்லாரும் ஓடினோம். ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் வாத்தியாரின் தாயாரும் அக்காவும் நானும் இருந்து ஓடினோம். அப்போது சிரட்டையும் இல்லை, மூக்குப்பேணியும் இல்லை. கஞ்சி வாங்கிய ஒரே சட்டியில் எல்லாரும் வாய் வைத்தோம். அக்கா கடற்கரை மணலில் புருசனைப் புதைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முகாமுக்குள் வந்தார். அந்தச் சட்டியோடு இந்தச் சாக்கடை ஒழிந்தது என்று நான் முட்டாள்தனமாக நம்பினேன். திரும்பி வந்து ஓட்டுவீடுகள் எழும்பியதும் பேணிகளும் அலுமாரிக்குள் திரும்பி வந்துவிட்டன.

திரும்பி வந்தபோது ஊரில் வேலியே இல்லை, வேலி மரத்துக்கு எங்கே போவது. கொஞ்சநஞ்சம் தப்பியிருந்த முள்முருக்கும் இலை சுருண்டு வீங்குகிற நோய் வந்து செத்தது. அக்காவின் மரம் மட்டும் பாதி எரிந்த அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து எழும்பியது. அதன்பிறகு ஊரில் எந்தக் கலியாணம் என்றாலும் அந்த மரம்தான். தேங்காயும் கற்பூரமும் கத்தியுமாக வருவார்கள். ஆனால் படலையைத் திறந்து உள்ளே வரமாட்டார்கள். ஒழுங்கையில் நின்றபடியே மரத்தைக் கும்பிட்டு, ஒழுங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கிளையை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மரத்துக்குத் தேங்காய் உடைப்பார்கள், மரத்தை வளர்த்தவருக்குக் கலியாணத்துக்கு வா என்று ஒரு சொல் கிடையாது. வருடா வருடம் வெட்டி வெட்டி மரத்தின் ஒழுங்கைப் பக்கம் மொட்டையாகி, வளவுப் பக்கம் மட்டும் அடர்ந்து, மரமே அக்காவின் வீட்டைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது.

நான் அவரிடம் சண்டை பிடித்தேன். கொடுக்காதேங்கோ என்றேன். அக்கா என்னைத்தான் ஏசினார். வெளியே நீண்ட கிளையை வெட்டுகிறார்கள், வெட்டட்டும், பூ பூப்பதும் குருவி வருவதும் உள்பக்கம்தானே என்றார். தேன்சிட்டு வருடா வருடம் அந்த உள்பக்கக் கிளையில்தான் கூட்டைத் தொங்கவிடும். கூட்டில் குஞ்சு இருக்கிற நாட்களில் அக்கா புகை படுமென்று அடுப்பையே தூரத் தள்ளி வைத்துச் சமைப்பார். அதையும் திட்டிக்கொண்டேதான் செய்வார்.

மகள் வளர்ந்து முன்பள்ளி ஆசிரியை ஆனாள். தாயிடம் கேட்ட குருவியை முன்பள்ளிச் சுவரில் பெரிய படமாகக் கீறினாள். சிவந்த பூவில் தலைகீழாகத் தொங்குகிற பச்சைக் குருவி, கண்ணில் வெள்ளை வளையம். பிள்ளைகளெல்லாம் அதைக் கண்ணாடிக் குருவி என்றார்கள். பரந்தன் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒரு பொடியன் அந்தச் சுவரைப் பார்க்க வந்து வந்து, கடைசியில் கீறியவளைப் பார்க்க வந்தான். நல்ல பொடியன் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் வாத்தியாரின் தங்கை மகன். இரண்டு வருடம் அவளோடு கதைத்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னான். அதனால் தாயும் அம்மான் வாத்தியாருமாக, அவனையும் கூட்டிக்கொண்டு, பெண் கேட்பது போல ஒருநாள் வந்தார்கள். அக்கா என்னையும் வந்து இருக்கச் சொன்னார். மகளின் வாழ்க்கை என்பதால் அன்று அவர் புதுச் சேலை உடுத்தி, நாலு கதிரை இரவல் வாங்கிப் போட்டு, என்னைக் கேலி செய்யாமலேயே தேத்தண்ணீர் போட்டார்.

ஒருவரும் குடிக்கவில்லை. இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்றார் வாத்தியார். தேத்தண்ணீர் ஆறி ஆடை பிடிக்கிறது, அவர் மழையைப் பற்றியும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பற்றியும் கதைக்கிறார். அவர் சம்பந்தம் பேச வரவில்லை, சம்பந்தத்தைக் குழப்ப வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கடைசியில் விசயத்துக்கு வந்தார். குரல் உயரவில்லை, வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரல்.

"பிள்ளை சுவரிலை கீறின குருவி நல்ல வடிவு. ஆனா அது மலைக்குருவி. குளிருக்குள்ளை, காட்டுக்குள்ளை இருக்கிற சாதி. அதைக் கொண்டுவந்து இஞ்சத்தை வெயிலிலை விட்டா இருக்காது. ஒவ்வொண்டையும் அதது இருக்கிற இடத்திலை விடுறதுதான் அழகு. நான் குருவியைத்தான் சொல்லுறன்."

பொடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் கொழுக்கட்டை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழும்பி ஏதோ சொல்லப் போனேன், அக்கா கையைப் பிடித்து இருத்திவிட்டார். கோபம் வந்தால் அவருடைய பேச்சு முழுக்க மலைத் தமிழாகிவிடும். அன்றும் அப்படித்தான் ஆனது.

"குருவியத்தானே சொல்றீங்க? நானும் குருவியத்தான் சொல்றேன். அது எறங்கல, ஏன்னா அத யாரும் வெரட்டல. எங்க லயத்த எரிச்சாங்க, நாங்க எறங்கினோம். எறங்கி உங்க வயல்ல நாத்து நட்டோம். நீங்க ஓடினப்ப கூட ஓடினோம். நீங்க செத்த எடத்துலதான் நாங்களும் செத்தோம். இன்னும் எவ்வளவு செஞ்சா இது எங்க ஊரு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

வாத்தியார் சால்வையை உதறித் தோளில் போட்டார். நேரமாச்சு என்று எழும்பினார். தாயும் எழும்பினாள். பொடியன் ஒருதரம் உள்ளே பார்த்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனான். ஆறின தேத்தண்ணீரை மகள் எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினாள்.

இது இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். இப்படி நடக்காத ஊர் எது. அடுத்த மாசியில் அந்தப் பொடியனுக்கே வேறிடத்தில் கலியாணம் பேசி முடித்தார்கள். ஒரு காலையில் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறேன், ஒழுங்கையால் ஒரு கூட்டம் வருகிறது. வாத்தியார், பொடியனின் தாய், மாப்பிள்ளைத் தோழன், இரண்டு மூன்று பெண்கள். கையில் தேங்காய், கற்பூரம், கத்தி. யாருக்குக் கன்னிக்கால் என்று கேட்கவே தேவையில்லை. அந்தப் பொடியனுக்குத்தான்.

வேண்டுமென்றே மனதை நோகடிக்க வந்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். அப்படி வரவில்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. மரம் என்பது கலியாணத்துக்குரிய பொதுச் சாமான், அதற்குக் கீழே ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய கணக்கில் இல்லை. ஒழுங்கைப் பக்கம் நின்று பார்த்தார்கள். அங்கே வெட்ட ஒரு கிளையும் மிச்சமில்லை. நேரான கிளையெல்லாம் வளவுப் பக்கம். அப்போதுதான் முதல்முறையாகப் படலையில் கை வைத்தார்கள்.

அக்கா வெளியே வந்தார். துடைப்பக்கட்டையோடு வருவார் என்று நினைத்து நானும் என்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் படலையை அகலத் திறந்துவிட்டு, வாங்க என்றார். உள்ள வாங்க, உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு வெட்டுங்க என்றார். மகள் தட்டத்தில் கிளாசுகளை வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு துளி சிந்தவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோழன் மணிக்கூட்டைப் பார்த்தான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வாத்தியார், தான் இன்றைக்கு விரதம் என்றார்.

"அப்ப மரத்துக்கும் இன்னிக்கு வெரதம்" என்றார் அக்கா.

பொடியனின் தாய் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். மகனுடைய கலியாணம், எந்தத் தாய்க்கும் பதறும். கிளாசைக் கையில் எடுத்தும்விட்டாள். வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் பின்னால் வாத்தியார் செருமினார். ஒரு செருமல்தான். அவள் கிளாசைத் தட்டத்தில் திரும்ப வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனாள். கூட்டம் போய்விட்டது. ஏதோ ஒரு பூவரசந் தடியை ஊன்றிக் கலியாணத்தை முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கலியாணம் முடிந்த கிழமை, ஒரு விடியலில் மரம் அடியோடு வெட்டிக் கிடந்தது. அடிக்கட்டை திரும்பத் துளிர்க்காமலிருக்கக் கழிவு ஒயில் ஊற்றியிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். கண்ட சாட்சி இல்லை, அதனால் எழுதவில்லை. சிவப்புப் பூவெல்லாம் ஒழுங்கையில் மிதிபட்டுக் கிடந்தது. உள்பக்கக் கிளையில் தொங்கிய தேன்சிட்டின் கூடு நசிந்து கிடந்தது. தாய்க்குருவி வேலிக்கம்பியில் இருந்து கத்திக்கொண்டிருந்தது. அக்கா ஒழுங்கை நடுவில் போய் நின்றார். எத்தனையோ வருடம் பக்கத்தில் இருந்திருக்கிறேன், அவர் கத்தியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

"குருவி என்னடா செஞ்சுச்சு உங்களுக்கு?"

ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் வெளியே வரவில்லை. எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது.

அதற்குப் பிறகு கத்தியை எடுத்துவந்து கிளைகளை முழ நீளத் துண்டுகளாகத் தறித்தார். முள்முருக்குத் தடியை எங்கே குத்தினாலும் வரும். தன் வளவைச் சுற்றி நட்டார், ஆடு தின்றது. மிஞ்சிய ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். நான் வேலியோரம் குழி தோண்டப் போக, அங்கே வேண்டாம் என்றார். நடு முற்றத்தில் நடு, வேண்டியவர்கள் உள்ளே வரட்டும் என்றார். அப்படியே நட்டோம். அதுதான் இப்போது நிற்கிற மரம்.

அக்கா சிறுநீரக வருத்தத்தில் கிடந்து போனார். வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இழுபட்டு, கடைசியில் வீட்டில்தான். செத்த வீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. நல்ல மனுசி, ஒருவரோடும் சண்டைக்குப் போகாத மனுசி என்றார்கள். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மகளின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகள் இப்போதும் பக்கத்து வளவில்தான் இருக்கிறாள். மேசன் வேலை செய்கிற ஒருவனைக் கட்டியிருக்கிறாள், தங்கமான பிள்ளை. முன்பள்ளிக்குப் போகிறாள். சுவரில் அந்தக் குருவி நிறம் மங்கி இன்னும் இருக்கிறது.

இந்த ஆவணியில் வாத்தியாரின் பேத்திக்குக் கலியாணம். சின்ன வயதில் தாயை இழந்த பிள்ளை, அவர்தான் தூக்கி வளர்த்தவர். அவர் உயிரையே வைத்திருப்பது அவளில்தான் என்று ஊருக்கே தெரியும். போன முறை பூவரசு ஊன்றிய கலியாணம் நன்றாக அமையவில்லை என்று சனம் கதைத்துக்கொண்டு திரிகிறது. அது என்னவோ எனக்குத் தெரியாது. அவர் பயந்துபோனார் என்பது மட்டும் தெரியும். வாத்தியார் முதலில் ஆள் அனுப்பினார். மரம் வேண்டுமென்றால் அவரே வரட்டும் என்றேன். திரும்பவும் ஆள் அனுப்பினார். நானும் திரும்பவும் அதையே சொன்னேன்.

கன்னிக்கால் ஊன்றுகிற அன்று காலை வந்தார். பொல்லை ஊன்றிக்கொண்டு, நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். கூட்டம் ஒழுங்கையில் நின்றது. எங்கள் குடும்பம் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம், என் வீட்டில் குடிப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் ஒளிவுமறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். தேத்தண்ணீர் ஊற்றுவது பக்கத்து வளவுப் பிள்ளை, அக்காவின் மகள். குடித்தால்தான் கத்தி உள்ளே வரும். இன்றைக்கும் விரதம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கோ என்றேன்.

அவர் வந்து கதிரையில் இருந்தார். பிள்ளை கிளாசைக் கொண்டுவந்து நீட்டினாள். இஞ்சி வாசம் முற்றமெல்லாம் வந்தது. அவர் கிளாசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒழுங்கையில் நின்ற சனத்தைப் பார்த்தார். செருமுவதற்குப் பின்னால் யாரும் இல்லை. வாங்கி, சூட்டோடு சூடாக, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினால் வந்திருக்கும்.

வெறும் கிளாசை வாங்கிக்கொண்டு பிள்ளை கேட்டாள்.

"இப்ப சொல்லுங்கோ மாஸ்ரர். மலைக்குருவி இஞ்சை இருக்குமோ, இருக்காதோ?"

"நான் அண்டைக்குக் குருவியைத்தான் சொன்னனான், பிள்ளை."

"ஓம். நானும் குருவியைத்தான் கேக்கிறன்."

அவர் பொல்லில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நேரம் போகிறது என்று ஒழுங்கையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பிள்ளைதான் அவர்களை உள்ளே வரச் சொன்னாள். எல்லாரும் வந்தார்கள். இந்தக் கிளையில் கூடு இருக்கிறது, தொடவேண்டாம், மற்றதை வெட்டுங்கோ என்று காட்டிக் கொடுத்தாள். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, வெட்டிக்கொண்டு போனார்கள்.

எனக்குக் கோபம் ஆறிவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆறவில்லை. அக்கா தந்த அன்று குடித்திருக்க வேண்டும். பேத்திக்காகக் குடித்த மனிதனுக்கு நான் என்ன மரியாதை கொடுப்பது? அவர் குடித்த கிளாசைக் கையில் எடுத்து, இதைப் புறம்பாகக் குசினிக்குப் பின்னால் வை, இனி அவர் வந்தால் இதில் கொடுப்போம் என்று பிள்ளையிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

"சும்மா இருங்கோ அன்ரி. அம்மா ஏசுவா" என்றாள்.

கிளாசை என் கையிலிருந்து வாங்கிக் கழுவி, எங்களுடைய மற்றக் கிளாசுகளோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.